கன்னியப்பன் கட்டிய வேலி

"மாட்டுக்கா, மனுஷனுக்கா?"

பிராட்வேயில் ஒரு இரும்புக் கடைக்காரர் போன வாரம் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் போயிருந்தது மருந்துக்கோ தீவனத்துக்கோ அல்ல. அறுந்த முள்கம்பியை ஒட்டுப்போடுகிற சாமான் வாங்க!

சிரிக்காதீர்கள். ஊக்கும் ஊசியும் வாங்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளைக்கு இரும்புக் கடையில் என்ன வேலை என்றுதானே? அண்ணன் கடிதாசி போட்டுவிட்டார், வேறு வழியில்லை. கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஏரியை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் நிலம். போன வருஷம் சம்பா கதிர் விடுகிற நேரத்தில் மாடுகள் புகுந்து பாதி வயலைத் தின்று தீர்த்துவிட்டன. அன்றிலிருந்து அண்ணனுக்கு வேலிப் பைத்தியம். இந்த ஆடியில் கல்தூண் நட்டு, மூன்று வரிசை முள்கம்பி இழுத்து, நிலத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்.

வேலி வந்தது. நிம்மதி வந்ததா? அதுதான் இல்லை. கம்பிச் சுருள் முடிந்து அடுத்த சுருள் தொடங்குகிற இடமெல்லாம் ஒட்டு. போன மாதம் அடித்த காற்றில் அப்படி ஒரு ஒட்டு நழுவி, எருமை ஒன்று உள்ளே வந்து நின்றதாம். இனிமேல் கையால் முறுக்கிய ஒட்டே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தார்.

கடைக்காரர் இரண்டு தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று சின்னக் குழாய். இரண்டு பக்கத்திலிருந்தும் கம்பியை நுழைத்து, சுத்தியலால் நசுக்கிவிட வேண்டியது. இன்னொன்று நட்டு போல்ட்டு வைத்த கிளாம்ப். இரண்டு கம்பியையும் உள்ளே விட்டு ஸ்பேனரால் முடுக்க வேண்டியது. அண்ணன் கேட்டிருந்தது கிளாம்ப்தான்.

அதை எடுங்கள் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"மாட்டுக்குன்னா கைமுறுக்கே போதும்மா. கம்பி மேல கம்பிய அஞ்சாறு சுத்து ஒழுங்கா சுத்தினா, எரும முட்டினாக்கூட அசையாது. மனுஷனுக்குன்னாதான் நட்டு. ஸ்பேனர் இல்லாம ஒருத்தனும் அவுக்க முடியாது."

"நெல்லுக்கு" என்றேன், கெட்டிக்காரத்தனமாக.

"நெல்லு உள்ள இருக்குதும்மா. வெளிய யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் கேட்ட கிளாம்பைக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் கிளம்பினேன். மடியில் இரும்புப் பொட்டலம், கண்ணில் கரித்தூள். நாலு நாளாக விடாத மழை அன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் பஸ் மாறி, ஊரில் இறங்கியபோதே சத்தம் கேட்டது. ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிந்து ஓடுகிற சத்தம்.

அண்ணன் காப்பிகூடக் குடிக்கவிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார், ஸ்பேனரை எடுத்துக்கொண்டார், "வாம்மா, பாரு" என்று வயலுக்கு நடந்தார். தெற்கு மூலையில் ஆரம்பித்தோம். பழைய முறுக்கைக் குறட்டால் பிரிக்க வேண்டும், கிளாம்பைப் போட வேண்டும், முடுக்க வேண்டும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் புடவையில் நாலு இடத்தில் கிழிசல்.

வேலை செய்துகொண்டே அண்ணன் வேலி கட்டியவரைத் திட்டிக்கொண்டு வந்தார். கட்டியவர் பெயர் கன்னியப்பன். ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற காலனிக்காரர். அந்த வட்டாரத்தில் கம்பி வேலி என்றால் அவர்தான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்புகிற கம்பெனிகளுக்கெல்லாம்கூட அவர்தான் சுற்றுவேலி இழுத்தார்.

"கைகாரன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதோ அந்த வரப்பாண்ட பாரு. மேல் கம்பி, நடுக் கம்பி, கீழ் கம்பி… மூணு ஒட்டையும் ஒரே எடத்துல போட்டு வெச்சிருக்கான்! எவனாவது அப்டி போடுவானா? ஒண்ணு இங்க வந்தா இன்னொண்ணு அங்க வரணும். ஒரே எடத்துல போட்டா அந்த எடமே வீக்கு. இது தெரியாதா அவனுக்கு?"

"கூப்பிட்டுக் கேட்கிறதுதானே?"

"ஒரு மாசமா மஞ்சக்காமாலைல படுத்துனு கீறான். என்னத்த கேக்கறது?"

இப்படிப் பேசிக்கொண்டே நாங்கள் அந்த வரப்பை நெருங்கியபோது, காலனிப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. கல்யாண மேளமா, சாவு மேளமா என்று தெரியாமல் போகுமா? அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று சொன்னார்: "கன்னியப்பன் பூட்டாரு நைனா. விடிகாலைல."

தெலுங்கு கலந்த ஊர். அண்ணனை அங்கே எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அண்ணன் ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு நேரம் அவரைத்தானே திட்டினோம் என்ற சங்கடம் முகத்தில் தெரிந்தது. வேலையை நிறுத்திவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பகல் ஏற ஏற மேளச் சத்தம் நெருங்கி வந்தது. எங்களை நோக்கியே வந்தது.

ஏன் எங்களை நோக்கி? அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. காலனிக்காரர்களின் சுடுகாடு, அண்ணன் நிலத்துக்கு அந்தப் பக்கம். அந்த வரப்பு மேல்தான் காலங்காலமாகப் பாடை போகும். சுடுகாட்டுப் பக்கம் அண்ணன் ஒரு படல் வைத்திருந்தார்; காலனிப் பக்கம்தான் வழியே இல்லை. வேலி வந்த பிறகு ஏரிக்கரையைச் சுற்றிக் கலங்கலைத் தாண்டிப் போக வேண்டும். வெயில் காலமென்றால் அது வெறும் சுற்று. இப்போது கலங்கலில் மார் அளவு தண்ணீர்.

வேலிக்கு வெளியே பாடை வந்து நின்றது. மேளம் நின்றது. இந்தப் பக்கம் அண்ணனும் நானும். கூட்டத்திலிருந்து ஒரு பையன் குறட்டோடு முன்னால் வந்தான்.

"வெட்டாதீங்கடா!" என்று அண்ணன் கத்தினார். "ஒரு எடத்துல வெட்டினா அந்தாண்ட கோடி வரைக்கும் தொய்ஞ்சி பூடும். நாளைக்கே மாடு உள்ள வந்துடும்."

பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்திருந்த பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கலங்கல்ல எறங்க முடியாது நைனா. இறக்கி வெக்கவும் கூடாது. இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

"நான் போவாதீங்கன்னா சொல்றேன்? வெட்டாதீங்கன்றேன்!"

"வெட்டாம எப்டி போறது? பறந்தா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். மனசு கெட்டவர் அல்ல. ஆனால் போன வருஷம் அழிந்த கதிர் அவர் கண்ணில் நின்றது. வெளியே நான்கு பேர் தோளில் ஒரு மனிதர் காத்திருந்தார். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 'வெட்டட்டும், விடுங்கள்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பின்னால் ஒரே கூச்சல். பெண்கள் காலனி முனையோடு நின்றுவிடுவதுதான் அங்கே வழக்கம். அங்கிருந்து ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். "தேசம்மா! நீ போவக் கூடாதுடி! புடிங்கடி அவள!" என்று நாலைந்து பேர் பின்னால் கத்தினார்கள்.

கன்னியப்பனின் மனைவி. தலைவிரி கோலமாக வந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல், இன்னும் உடைக்கவில்லை. யாரையும் பார்க்காமல் நேராக வேலிக்கு வந்தாள்.

"நவுருங்க. வெட்ட வேணாம். அது தொறக்கும்."

"இன்னா தொறக்கும்?" என்றார் அண்ணன்.

மேல் கம்பியின் ஒட்டில் சுற்றியிருந்த மெல்லிய கட்டுக்கம்பியின் நுனியை நகத்தால் நெம்பிப் பிரித்தாள். சுற்று கழன்றதும் எனக்கும் தெரிந்தது. மற்ற ஒட்டுகளில் கம்பியும் கம்பியும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே அப்படியில்லை. ஒரு கம்பியின் நுனி கண்ணியாக வளைந்திருந்தது. இன்னொன்றின் நுனி கொக்கியாக அந்தக் கண்ணிக்குள் மாட்டியிருந்தது. மேலே கட்டுக்கம்பியைச் சுற்றி, மற்ற ஒட்டு போலவே தெரிகிற மாதிரி செய்திருந்தார் கன்னியப்பன்.

"இஸ்து குடுங்க" என்றாள். இரண்டு பேர் கம்பியைப் பிடித்து ஒரு சாண் இழுத்துக் கொடுத்தார்கள். கொக்கி நழுவி வெளியே வந்தது. அடுத்து நடுக் கம்பி. அடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ்க் கம்பி. மூன்று ஒட்டும் ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதற்கு இனி யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"அன்னிக்கி இந்த முனைய நான்தான் புடிச்சினு இருந்தேன்" என்றாள், எழுந்திருக்காமலே. "'ஒரு வழி உடு நைனான்னு கேட்டேன், வழி உட்டா மாடும் வரும்ன்றாரு. அதுவும் நாயம்தான். மாட்டுக்குத் தொறக்கத் தெரியாத மாரி போட்டுட்டு போறேன்'னு சொல்லிக்கினே போட்டாரு. எங்க பெரிமாதான் மொதல்ல போவும்னு நெனச்சோம். வயசாயி அதுதான் படுக்கையா கெடக்குது. இவரு முந்திக்கினாரு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. அதை இங்கே எழுத எனக்கு வெட்கமில்லை.

கழன்ற கம்பிகளை ஒரு பக்கம் தேசம்மா பிடித்து ஒதுக்கினாள். முள் யார் மேலும் படாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கத்துக் கம்பிகள் சுருண்டு பாதையில் கிடந்தன. அண்ணன் போய் அவற்றை எடுத்துப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில் கன்னியப்பன் போனார். அவர் மேலிருந்து ஒரு சாமந்தி உதிர்ந்து நாற்றுக்குள் விழுந்தது.

ஆண்கள் எல்லோரும் போன பிறகும் இந்த இருவரும் அப்படியே நின்றார்கள். விட்டால் கம்பி இழுத்துக்கொள்ளுமே? தேசம்மா உள்ளேயும் வரவில்லை, காலனிக்கும் திரும்பவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷமாக வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.

போனவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பி வந்தார்கள். கடைசி ஆளும் தாண்டிய பிறகு தேசம்மா அண்ணனைப் பார்த்தாள். "இஸ்து புடி நைனா."

அண்ணன் இழுத்துப் பிடித்தார். அவள் கொக்கியை மாட்டினாள். மேல், நடு, கீழ். பிரித்த அதே கட்டுக்கம்பியை மறுபடி சுற்றினாள். நுனியை உள்பக்கமாக மடக்கி அழுத்தினாள். அதன் பிறகு அண்ணனின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்பேனரை ஒரு தரம் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அண்ணன்தான் கேட்டார். "தேசம்மா… இந்த மாரி வேற எங்கனா போட்டிருக்கானா?"

"எனுக்கு இன்னா தெரியும் நைனா? எங்கெல்லாம் நடபாத மேல வேலி கட்னாரோ, அங்கெல்லாம் போட்டிருப்பாரு. கம்பெனி வேலிலகூட இருக்கும்."

சொல்லிவிட்டு நடந்தாள். காலனி முனையில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

மாலை ரயிலில் திரும்பினேன். கும்மிடிப்பூண்டி தாண்டினால் இரு பக்கமும் வேலிகள். நேற்றுவரை கடலையும் கம்பும் விளைந்த இடம். ஆட்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு குறுக்கே நடந்து போன இடம். இன்றைக்குத் தூணும் கம்பியும், உள்ளே பாதி எழும்பிய சுவரும். கட்ட வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? வேலை வருகிறது, சோறு வருகிறது. ஆனால் வேலி போடுகிறவர்கள் உள்ளே இருப்பதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். குறுக்கே யார் நடந்தார்கள் என்று கேட்பதில்லை. என் அண்ணனும் கேட்கவில்லை. கூலிக்குக் கம்பி முறுக்கின ஒருவர் மட்டும் அதை யோசித்து, வாயைத் திறக்காமல் கொக்கி போட்டு வைத்திருக்கிறார்.

ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஒட்டாகத் தேடிக்கொண்டே வந்தேன். ரயில் வேகத்தில் எங்கே தெரிகிறது! எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

நேற்று அண்ணனிடமிருந்து ஆள் மூலம் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. வேலியில் மற்ற ஒட்டுக்கெல்லாம் போட்டது போக மீதி மூன்று கிளாம்ப். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கச் சொன்னாராம்.

கேட்கத்தான் போகிறேன். கடைக்காரரின் கேள்விக்கும் பாக்கி இருக்கிறதே ஒரு பதில்… மாட்டுக்குத்தான் ஐயா!