ஓரத்து ஸ்விட்ச்

மேஜையில் இரண்டு திரைகள். ஒன்று பழுது பார்க்க வந்தது, இன்னொன்று அவருடையது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யாருடைய லேப்டாப்பின் வயிற்றையோ கிளறிக்கொண்டிருக்கும்போதும் டிரைவரின் பார்வை அடுத்த திரைக்குப் போய்ப் போய் வரும். அங்கே பெரிய காட்சி எதுவும் ஓடவில்லை. வீட்டு ரவுட்டரில் இந்த நிமிடம் எவையெல்லாம் தொற்றிக்கொண்டிருக்கின்றன என்ற பட்டியல். அவருடைய போன், அவருடைய கணினி, கடைசியில் 'அக்கா' என்று ஒரு வரி. அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றுவார்.

டிரைவர் என்றதும் கார் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். மனிதருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்று யார் வந்து நின்றாலும், பெட்டியைத் திறக்கும் முன்பே "டிரைவர் சரியில்ல" என்பார். சிஸ்டத்துக்கும் சிப்புக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் மென்பொருளுக்கு அந்தப் பெயர். தெரு அதைப் பிடுங்கி அவருக்கே வைத்துவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் விடிகாலையில் பெட்டியும் கையுமாக வந்து, "டிரைவர் நீங்கதானே? ஏர்போர்ட் போகணும்" என்றார். "தாராளமா போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம் இவர்.

தெருவில் பாதி லேப்டாப்புகளில் லினக்ஸை ஏற்றியதே அவர்தான். பெட்டி பழசாகிவிட்டது, நகர மாட்டேன் என்கிறது என்று யாராவது முனகினால் போதும், கேட்காமலே ஏற்றிக் கொடுத்துவிடுவார். அதன்பின் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வருவதுபோலப் புகார் வந்துகொண்டே இருக்கும்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டிரைவர்."

"அப்டேட் போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? அதுவா போட்டுக்கிச்சு."

"அதுவா எதுவும் போட்டுக்காது. அது கேட்டிருக்கும், நீங்க படிக்காம சரின்னு சொல்லியிருப்பீங்க. உங்க கல்யாணத்துக்கும் அப்படித்தானே சொன்னீங்க?"

சட்டைப் பையில் விரல்நக அளவில் லேப்டாப்பில் செருகும் ஐந்தாறு வைஃபை டாங்கிள்கள் எப்போதும் கிலுகிலுக்கும். எந்தச் சிப்புக்கு எந்த ஃபர்ம்வேர் என்பது அவருக்கு மனப்பாடம். அது என்ன சார் என்று கேட்பவர்களுக்கு, "சிப்புக்கு வாய் இருக்கு. என்ன பேசணும்னு எழுதின தாள் அதுகிட்ட இல்ல. நாமதான் தேடிக் கொடுக்கணும்" என்று விளக்கம் தருவார். அவருக்கு ஒரு முதல் விதியும் உண்டு. வைஃபை தடைபடுவது இரண்டு வகையில். ஒன்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கட்டளை தட்டி நீக்கிவிடலாம். மற்றது, பழைய லேப்டாப்புகளின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தள்ளு ஸ்விட்ச். அது அணைந்திருந்தால் எந்தக் கட்டளைக்கும் மசியாது. எழுந்து போய் விரலால் தள்ளினால்தான் உண்டு. "எதையும் தட்டறதுக்கு முன்னாடி ஓரத்தைத் தடவிப் பாருங்க" என்று ஒரு நாளைக்கு நான்கு பேரிடமாவது போனில் சொல்வார்.

மாடியில் இருப்பவர் அவருடைய அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் காலமான பிறகு அவர் மேலே, கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடாத தம்பி கீழே. நடுவில் வீட்டுக்கு வெளிப்புறமாக ஏறும் பதினான்கு படிகள். ஏழு வருடங்களுக்கு முன் அக்காவின் லேப்டாப்புக்கும் லினக்ஸ் யோகம் வந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுமுன் தம்பி முறைப்படி கேட்டார்.

"பேக்கப் இருக்காக்கா?"

"இருக்குடா. ரெண்டு மணி நேரம் தாங்கும்."

அக்கா சொன்னது பேட்டரியைப் பற்றி. தம்பியின் காது 'இருக்குடா'வோடு எழுந்து போய்விட்டது. அத்தானின் கடைசி இரண்டு வருடப் புகைப்படங்கள் அத்தனையும் அன்று போயின. அதைக்கூட அக்கா பொறுத்திருப்பார். ஆனால் தம்பி, பழுது பார்ப்பவர்களுக்கே உரிய நாக்கால், "எடுத்து வைக்காதது உன் தப்புக்கா" என்றார். அக்கா லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். அதன்பின் ஆறு வருடங்கள் ஒரு வார்த்தை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அக்கா வேறு இணைப்பு வாங்கவில்லை. தம்பி பாஸ்வேர்டை மாற்றவில்லை. தினமும் காலை ஆறு பத்துக்கு 'அக்கா' பட்டியலில் ஏறும். எழுந்துவிட்டாள், காபி ஆயிற்று, செய்தி படிக்கிறாள் என்று தம்பிக்குத் தெரியும். இரவு ஒன்பதுக்கு இறங்கிவிடும். விளக்கை அணைத்துவிட்டாள். தினம் போனில் நலம் விசாரித்துக்கொள்ளும் உடன்பிறப்புகளுக்குக்கூட ஒருவரைப் பற்றி ஒருவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஆறு பத்துக்கு ஏறிய வரி ஆறு பதினான்குக்குக் காணாமல் போனது. டிரைவர் ரவுட்டரை அணைத்துப் போட்டார். வரவில்லை. இரவில் வந்த அப்டேட் மேலே உள்ள லேப்டாப்பின் டிரைவரைக் கெடுத்திருக்கும் என்று கணித்தார். ரவுட்டரின் அலைவரிசையை, சேனல் ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினார், பிறகு ஒன்றுக்கு. ரவுட்டரின் பதிவுகளை வரி வரியாகப் படித்தார். மாலைக்குள் பெரிய ஆன்டெனா ஒன்றைக் கூரையைப் பார்க்க நிறுத்தினார். சனிக்கிழமை காலையில் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறி, ஏழாவது படியில், திருப்பத்தில் வைத்தார். ஒயரைச் சுவரோடு ஒட்டினார். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. இறங்கி வந்துவிட்டார்.

மத்தியானம் தண்ணீர் கேன் போடுகிறவர் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தார். "மேல கதவு தட்டுனா திறக்க மாட்டேங்கறாங்களே. நேத்துப் பேப்பரும் வாசல்லயே கிடக்குது. ஊருக்குப் போயிட்டாங்களா சார்?"

மீதி ஏழு படிகளையும் அப்போதுதான் ஏறினார். அக்கா மேஜைக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. மேஜைமேல் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. விழும்போது பிடிமானம் தேடிய கை அதன் ஓரத்தில் உரசியிருக்க வேண்டும். சின்ன ஸ்விட்ச் அணைந்த பக்கம் தள்ளியிருந்தது.

"எத்தனை மணிக்கு விழுந்தாங்க?" என்று கேட்டார் மருத்துவர். டிரைவருக்கு நொடி சுத்தமாகத் தெரியும். "தெரியல டாக்டர்" என்றார். உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சு மிஞ்சியிருக்கலாம் என்றார் மருத்துவர். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஆறு வருடங்கள் பேசாமல் இருந்தவருக்கு இப்போது பேச முடியாது. தம்பியோ இப்போது தினமும் மேலே போய்ப் பேசுகிறார். பக்கத்துத் தெரு வம்பு, யாருடைய லேப்டாப்பில் எந்தச் சிப் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

காலையும் இரவும் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வருகிறார். நடுப்பகலுக்கென்று டிரைவர் ஒரு அழைப்புமணி வாங்கி வைத்தார். அக்கா அதை இடது கையால் மேஜையிலிருந்து தள்ளிவிட்டார். மறுநாள் பட்டியலிலிருந்து வரி மறைந்தது. டிரைவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பதினான்கு படிகளையும் பாய்ந்து ஏறினார். அக்கா நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது விரல் லேப்டாப்பின் ஓரத்தில் இருந்தது.

"பயமுறுத்திட்டியேக்கா."

அக்காவின் முகத்தில் வேலை செய்யும் பாதி சிரித்தது.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. வரி அணைந்தால் வா என்று அர்த்தம். தண்ணீராக இருக்கலாம், தலையணையாக இருக்கலாம், ஒன்றும் வேண்டாததாகவும் இருக்கலாம். டிரைவர் போவார், கேட்பார், செய்வார், அடுத்த அழைப்புக்கு ஆகட்டும் என்று ஸ்விட்சைத் தள்ளிவிட்டு இறங்குவார்.

போன வாரம் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் லேப்டாப்போடு வந்தார். இரண்டு நாட்களாக எல்லா வித்தையும் செய்து பார்த்தாராம். டிரைவர் அதை வாங்கி, ஓரத்தைத் தடவி, நகத்தால் ஒரு தள்ளு தள்ளினார். இணைப்பு வந்துவிட்டது. குமாஸ்தா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதைத் தொட்டுப் பார்க்காம ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன் பாருங்க. என்னை மாதிரி முட்டாள் இன்னொருத்தன் இருப்பானா?"

"இருக்கான்" என்றார் டிரைவர்.

குமாஸ்தா போய்க் கொஞ்ச நேரத்தில் வரி அணைந்தது. டிரைவர் மேலே போனார். ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டியிருந்தது. இழுத்துவிட்டார். ஸ்விட்சையும் தள்ளினார். ஆனால் இறங்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ விழுந்தது வெள்ளிக்கிழமை ஆறு பதினாலுக்குக்கா. எனக்கு அப்பவே தெரியும். டாக்டர்கிட்டதான் தெரியலன்னுட்டேன்."

அக்கா அவரையே பார்த்தார்.

"ரெண்டு நாளும் நான் கீழ உக்காந்து சேனல் மாத்திக்கிட்டு இருந்தேன். ஏழாவது படி வரைக்கும் வந்தேன்க்கா. நான் வந்தா நீ மூஞ்சியத் திருப்பிக்குவியோன்னு, பெட்டியை வச்சிட்டு இறங்கிட்டேன்."

அக்காவின் உதடு கோணி, ஏதோ ஒரு சத்தத்தைத் தேடி, கிடைக்காமல் நின்றது. பிறகு இடது விரல் மெதுவாக நகர்ந்து ஸ்விட்சை அணைத்தது.

அணைந்தால் வா என்று அர்த்தம். வர வேண்டிய தம்பியோ எதிரிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார். டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வா என்றால் கீழேயிருந்துதான் வர வேண்டுமோ என்று நினைத்தார். பிறகு எழுந்து வெளியே போய்ப் பதினான்கு படிகளும் இறங்கி, மேஜைக்கு வந்து பட்டியலைப் பார்த்தார். அவருடைய போன், அவருடைய கணினி. அவ்வளவுதான். திரும்பவும் பதினான்கு படிகளும் ஏறினார். கதவு அவர் விட்டுப்போனபடியே திறந்திருந்தது. உள்ளே போய், வழக்கம்போல ஸ்விட்சைத் தள்ளிவிட்டு இறங்கக் கையை நீட்டினார்.

அக்கா தன் இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டார்.