அவிய வரட்டும்

தடுப்பூசி போடாத குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக்காக சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் ஒரு குழந்தை விடாமல் இருமி, கடைசியில் கூவலோடு மூச்சை இழுத்தது. கக்குவான் இருமல். எழுபதுகளில், திரேஸ்புரத்தில், என் தம்பியிடம் கேட்ட அதே சத்தம்.

கக்குவானையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசி போட நர்சம்மா எங்கள் தெருவுக்கு வருவது எப்போதும் காலையில், ஆண்கள் எல்லாம் கடலில் இருக்கும் நேரத்தில். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவிய வரட்டும், கேட்டுக்கிடுதேன். சாயங்காலம் வாங்களேன்" என்பாள். "சாயங்காலம் எனக்கு பஸ் கிடையாதும்மா" என்று நர்சம்மா பெட்டியை மூடுவார். ஸ்பிரிட் வாசனை மட்டும் வீட்டில் நிற்கும். ஒவ்வொரு முறையும் இதே கூத்து. மீனை ஏலம் விட்டுவிட்டு வரும் அப்பாவோ, "ஏளா, நான் எப்ப வேண்டாம்னேன்?" என்று எரிந்து விழுவார். அடுத்த தடவை போட்டுவிடு என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது.

தம்பிக்குக் கக்குவான் வந்த பிறகு, ஒருநாள் அப்பா கடலுக்குப் போகாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் காத்து நின்றார். "இனிமே ஊசி போட்டு என்ன செய்ய அண்ணாச்சி? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்றார் நர்சம்மா. ஓடினார். தம்பி உயிரோடு திரும்பவில்லை.

வராந்தாவில் இருந்த தாயிடம் ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டேன். "அவிய கப்பல்ல இருக்காவ. கேக்காம எப்படி?" என்றாள். எங்கள் ஆய்வில் இதற்குத் 'தயக்கம்' என்று பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனைப் போடு என்றேன். வீடியோ காலில் வந்தவன் அவளிடம் எரிந்து விழுந்தான்:

"ஏளா, நான் எப்ப வேண்டாம்னேன்?"