நார்த் கட்டத்தால் குடிபோன வீடு

பட்டாசு இருப்பு வைக்கும் அறைக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். இது விதி. விதியில் குழப்பம் இல்லை. வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

பேச்சியம்மாளுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒற்றை அறை வீடு. பட்டாசு வேலை. வீட்டுக்குத் தெற்கே ஒரு கம்பெனியின் காலி நிலம். அதன் வடகோடியில், இவருடைய அடுப்படிச் சுவரை ஒட்டினாற்போல, இருப்பு அறை எழும்பியது. ஆட்சேபணை மனு கொடுத்தார். தள்ளுபடி. நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்.

"வேலைக்குப் போற எடத்துல பயம் பழகிப்போச்சுய்யா. சோறு பொங்குற எடத்துலயுமா?"

மனுவைப் பார்த்தேன். ஆங்கிலப் படிவம். நார்த் என்ற கட்டத்தில் கம்பெனி நிலம்.

நம் பத்திரங்களில் 'கம்பெனி நிலத்துக்கு வடக்கு' என்று எழுதுவோம். அந்த நிலத்துக்கு வடக்கே என் வீடு என்று பொருள். ஆங்கிலப் படிவம் கேட்பது வேறு – உன் வீட்டுக்கு வடக்கே என்ன இருக்கிறது? வடக்கு என்றால் நார்த். அதில் தப்பே இல்லை. எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம் என்பதுதான் மாறிப்போனது. விளைவு? காகிதத்தில் வீடு நிலத்துக்குத் தெற்கே போய்விட்டது. வடகோடி அறைக்கும் வீட்டுக்கும் நடுவே நிலம் முழுவதும் கிடக்கிறது. அப்புறம் என்ன ஆட்சேபணை?

படிவம் நிரப்பிய கணினி மையத்துப் பெண்ணிடம் கேட்டோம்.

"பத்திரத்துல உள்ளதைத்தான் அடிச்சேன் சார். வடக்குன்னா நார்த்துதான?"

பேச்சியம்மாள் சிரித்துவிட்டார். "ஒரு செங்கலைத் தொடாம வீட்டையே பேத்து அங்கன வச்சிட்டியே தாயி. எங்கூரு கொத்தனாருக்கு இந்த வித்தை தெரியாது."

திருத்த மனு, வரைபடம், பதிவுத் தபால், நினைவூட்டல், மேல்முறையீடு... எனக்குத் தெரியாத வழி இல்லை. எல்லா வழியும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வாசலில்தான் போய் முடிந்தது. நேரில் வந்து பாருங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னேன். காகிதம் சரியானால்தான் வருவோம் என்றார்கள். வந்து பார்த்தால் காகிதம் சரியாகிவிடாதா?

இதற்குள் அறைக்குக் கூரை போட்டாயிற்று. சீசன் வந்தது. லோடு லோடாகப் பெட்டிகள் உள்ளே போயின. பேச்சியம்மாள் பேத்தியை ஆமத்தூரில் தங்கை வீட்டில் விட்டார். அடுப்பைத் தூக்கித் தெருப்பக்கம் வைத்தார்.

"தூக்கம் வருதாம்மா?"

"வடக்க தலை வைக்கக் கூடாதும்பாக. தெக்க அம்புட்டு வெடியில்ல இருக்கு? வடக்கதான் வச்சுப் படுக்கேன்."

ஒருவழியாகப் பதில் வந்தது. திசைத் திருத்தம் ஏற்கப்பட்டதாம். வீட்டுக்குத் தெற்கே உள்ள அறையில் இனிப் பட்டாசு வைக்கக் கூடாதாம். கச்சிதமான உத்தரவு, ஒரு குறை சொல்ல முடியாது. அறையில் ஒரு பெட்டிகூட மிச்சம் இல்லை.

பதில் வந்த தேதியா? தீபாவளிக்கு மறுநாள்.