தவசி கேட்டு வாங்கிய ஒரு டாலர்

ஏலக்காய் ஏற்றுமதிக்காரர் என்றதும் காரும் கண்ணாடி அறையுமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். போடியில் என் கடைக்கு அடுத்த கடைக்காரர் தவசியிடம் இருப்பது ஒரு தராசு, நாலு சல்லடை, ஒரு பழைய மொபெட். மலையிலிருந்து சரக்கு கிளம்பிவிட்டால் போடிமெட்டு டீக்கடை, முந்தல் செக்போஸ்ட் என்று வழிநெடுகப் போன் போட்டு, ஜீப் எந்த வளைவில் வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டிரைவர்கள் அவர் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

போன மாதம் முதன்முறையாக ஷார்ஜாவுக்குச் சரக்கு அனுப்பினார். கொள்முதலுக்குப் பணம் போதாமல் மனைவி சூர்யகலாவின் ரெட்டைவடச் சங்கிலியை அடகு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தேவாரம் ஊரில் அவள் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் சங்கிலி கழுத்துக்கு வந்துவிட வேண்டும். அவள் போட்ட கண்டிஷன் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை, பணம் போட்டாயிற்று என்று ஷார்ஜாக்காரர் ஒரு குறியீட்டை வாட்சப்பில் அனுப்பினார். எழுத்தும் எண்ணும் கோடுமாக முப்பத்தாறு. அதை வைத்துப் பணம் எந்த ஊர் வங்கியில் நிற்கிறது என்று பார்த்துவிடலாமாம். தவசிக்குத் தலைகால் புரியவில்லை. வங்கி அதிகாரி வித்யாவுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

“மேடம், இப்ப எங்க வருது?”

“நியூயார்க் தாண்டிருச்சு சார்.”

“அங்க ரொம்ப நேரம் நின்னுச்சோ?”

புதன்கிழமை பணம் மும்பையில் நின்றது. வியாழக்கிழமையும் மும்பைதான். வித்யா கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

“பில்லு பதினெட்டாயிரம் டாலருக்குப் போட்டிருக்கீங்க. வந்திருக்கிறது பதினெட்டாயிரத்து ஒண்ணு. அந்த ஒரு டாலர் எதுக்குன்னு மும்பைல கேக்குறாங்க.”

தவசி நெளிந்தார். “நாந்தான் சேத்துப் போடச் சொன்னேன் மேடம். மொதமொத வர்ற காசு. சைபர்ல முடியக் கூடாதுல்ல?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டு மொய்ப் பழக்கத்தை ஷார்ஜா வரைக்குமா கொண்டுபோவார் ஒரு மனுஷன்! வித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். ‘மேற்படி ஒரு டாலர் மங்களத்துக்காகக் கேட்டுப் பெற்றது; சரக்குக்கு உரியதல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தவசி.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பணம் கணக்கில் ஏறியது. சங்கிலியை மீட்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்து, மொபெட்டை விரட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ எங்களைப் பிடித்து இலை முன்னால் உட்காரவைத்தார்கள். சூர்யகலா வெறும் மஞ்சள் கயிற்றோடு ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

தவசி சட்டைப் பையிலிருந்து சங்கிலியை எடுத்து நீட்டினார். “கலா, வெரசா போட்டுக்க.”

“காலைலருந்து சங்கிலி எங்க, சங்கிலி எங்கன்னு நூறு பேருக்குப் பதில் சொல்லிட்டேன். இப்பப் போட்டா, எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னும் நூறு பேருக்குச் சொல்லணும். ஒங்க பையிலயே கெடக்கட்டும்” என்றவள், எனக்கு மட்டும் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.