அடியில் முத்திரை இல்லாத பெட்டி

ஆபீஸ் வேலையாகத் துபாய் போய்விட்டு வந்த என் மகன், சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு மரப்பெட்டியை வைத்தான். கியூபா சுருட்டாம். அவனுடைய மேனேஜருக்குப் பிறந்த நாள் வருகிறது, அதற்குப் பரிசு. மூடி கண்ணாடியில் இருந்தது. உள்ளே இருபத்தைந்து சுருட்டுகள், இடுப்பில் தங்க நிறக் காகிதம் கட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. வேறொரு தாயாக இருந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருப்பாள், இல்லையென்றால் பாழாய்ப்போன புகையிலைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டிருப்பாள். நானோ பெட்டியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினேன். "என்னம்மா பண்ற, உள்ள எல்லாம் கலைஞ்சிடும்" என்று அவன் கை நீட்டினான். அடியில் ஒன்றும் இல்லை. வழுவழுவென்று வார்னிஷ் அடித்த வெறும் பலகை. 

அப்படித் திருப்பிப் பார்ப்பது என்னுடைய பழக்கம் அல்ல. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது அங்கே பரிமாறுபவர்களுக்குத் தலைவராக இருந்த ஹெட் பேரருடைய பழக்கம் அது. ஆஸ்டின் டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியை விட்டு வெகுதூரம் பின்வாங்கிவிட்ட தலைமுடி. சுருட்டையோ சிகரெட்டையோ வாழ்நாளில் தொட்டதில்லை; ஆனால் ஸ்மோக்கிங் ரூம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. எந்த மெம்பர் எந்த நாற்காலியில் உட்காருவார், எவருக்குக் கோபம் வந்தால் எந்தக் காது சிவக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மெம்பர்களுக்கு அவர் ரகசியமாகப் பட்டப்பெயர் வைத்திருந்தார். அவற்றைப் பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கு மட்டும், முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல் சொல்லிவிட்டுப் போவார். நான் சிரிப்பை அடக்கத் தெரியாமல் எழுத்தைத் தப்பாக அடித்து, பேப்பரை உருவி மறுபடி மாட்டுவேன்.

அது தொண்ணூற்றேழா எட்டா என்று இப்போது சரியாக நினைவில்லை. நான் ஜோகுபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வேலை தேடுகிறேன் என்று கிளம்புவார், மத்தியானம் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். மகன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். நான்கு வருடமாக டெம்பரரியாகவே இருந்த என்னைப் பர்மனென்ட் ஆக்குவது பற்றிக் கமிட்டி அந்த வருடம்தான் பேச ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் நான் தூங்கினேன், எழுந்தேன்.

கமிட்டிக்குப் புதிதாக வந்திருந்த மெம்பர் ஒருவர் கட்டடம் கட்டுபவர். ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைக்க முளைக்க அவரும் வளர்ந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் அதிகம். பழைய மெம்பர்கள் அவரைப் பார்த்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பயணம் போய் வந்தவர், ஒருநாள் செக்ரட்டரியின் அறைக்குள் கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கியூபா சுருட்டு, கிளப்புக்கு என் அன்பளிப்பு, யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுங்கள் என்றார். செக்ரட்டரி கை குலுக்கினார். ஹெட் பேரர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

கார்பன் பேப்பர் எடுக்க நானும் அங்கே போயிருந்தேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். வெளிநாட்டில் குடியேறிவிட்ட பழைய மெம்பர் ஒருவர் கிளப்புக்கு அனுப்பிவைத்த பெட்டிகளில் ஒன்று அது. அதன் அடியில், கியூபாவில் முழுக்கக் கையாலேயே செய்தது என்று அவர்கள் பாஷையில் எழுதிய முத்திரை, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டது போல மரத்துக்குள் இறங்கியிருந்தது. விரலால் தடவினால் பள்ளம் தெரியும். புதுப் பெட்டியில் அந்த முத்திரையே இல்லை. அசல் பெட்டிக்கு யாரும் கண்ணாடி மூடி போடுவதில்லை என்றார். திறந்து காட்டினார். பழைய பெட்டியில் சுருட்டுகள் இடமிருந்து வலமாக, கறுப்பிலிருந்து வெளுப்பாக, ஒரே குடும்பத்துப் பிள்ளைகளை நிற்க வைத்ததுபோல நிறம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. எல்லாக் காகித வளையமும் ஒரே மட்டத்தில் இருந்தது. புதியதில் ஒன்று செம்மண், அடுத்தது கரி. வளையங்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. ஒரு சுருட்டின் நுனியை லேசாக அழுத்தினார். தூள் உதிர்ந்தது. அசலில் முழு இலை நீளத்துக்கு ஓடும், தூள் வராது. அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை. தனக்குத்தானே சரிபார்த்துக்கொண்டிருந்தார், நான் அங்கே நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

"டூப்ளிகேட்ம்மா" என்றார். "பாவம், எவனோ நல்லா ஏமாத்திருக்கான்."

அப்படியானால் செக்ரட்டரியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஆசையா கொண்டாந்து குடுத்துருக்காரு. நான் போயி இது போலின்னு சொன்னா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அந்த ரூம்ல வந்து உக்காருவாரு? ஏற்கெனவே அவரை ஒருத்தரும் சேத்துக்கறதில்ல."

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். புதுப் பெட்டியை ஸ்மோக்கிங் ரூம் கண்ணாடி அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, உள்ளே எத்தனை இருக்கின்றன என்று தெரியாதபடி மூடிமேல் அன்பளிப்பு அட்டை ஒன்றைப் போட்டுப் பூட்டினார். யாராவது அந்த மெம்பரின் சுருட்டைக் கேட்டால், ஸ்டோருக்கு வந்து பழைய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, நுனியை வெட்டி, தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடித்தவர்கள் அசந்துபோனார்கள். நல்ல சரக்கு என்று அந்த மெம்பரின் முதுகில் தட்டினார்கள். முகத்துக்கு நேராகப் பிடித்திருந்த பேப்பர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த மெம்பரும் வாரத்துக்கு ஒன்று பிடித்து, தான் கொண்டுவந்த சுருட்டின் மணத்தைத் தானே மெச்சிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் அது மூன்று மாதம் ஓடிய வேடிக்கை. சுருட்டை எடுக்க வரும்போதெல்லாம் ஹெட் பேரர் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். எனக்கு அந்த வீட்டையும் அந்தக் கடிதத்தையும் மறந்திருக்கக் கிடைத்த நிமிஷங்கள் அவை.

மாதா திருவிழாவுக்கு அவர் இரண்டு நாள் லீவு போட்டார். சரியாக அன்றைக்குத்தான் அந்த மெம்பர் ஒரு வெள்ளைக்காரரை அழைத்துவந்தார். பெரிய கம்பெனி ஒன்றின் தலைவர். அவருக்கு ஆபீஸ் கட்டிக் கொடுக்கும் வேலை கைகூடும் நிலையில் இருந்தது. செக்ரட்டரியிடம் சாவி வாங்கி, தானே அலமாரியைத் திறந்து, பெட்டியை விருந்தாளியின் கையில் கொடுத்திருக்கிறார். அந்த வெள்ளைக்காரரும் மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கவிழ்த்துத்தான் பார்த்தாராம். பிறகு சிரித்து, நீங்களும் ஏமாந்துவிட்டீர்களா என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாராம். அதுகூடப் பரவாயில்லை. மெம்பர் திறந்து பார்த்தபோது இருபத்தைந்தும் அப்படியே இருந்தன. மூன்று மாதமாக ஊரே பிடித்த பெட்டி நிறைந்து கிடந்தது.

இப்போது யோசித்தால் அந்த மெம்பர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நாக்குக்கு அவர் கொண்டுவந்தது அசல் என்று தெரியும்; வாரம் தவறாமல் பிடித்தவர் ஆயிற்றே. அசல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போலியை நிரப்பிவைத்தவன் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பழைய பெட்டிகளைப் பார்த்தார்கள், அவையும் காலி. இலவசமாகக் கொடுத்ததற்கு எவரும் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்ற ஹெட் பேரர் செய்த ஒவ்வொன்றும் அவருக்கு எதிரான ஆதாரமாக வரிசையில் வந்து நின்றது.

விசாரணை செக்ரட்டரியின் அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் செக்ரட்டரியும் அந்த மெம்பரும். இந்தப் பக்கம் ஹெட் பேரர், வெள்ளைக் கோட்டு இல்லாமல், வீட்டுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் மெஷினோடு நான். கேள்வி பதிலை எல்லாம் உடனுக்குடன் டைப் பண்ண வேண்டும். பெட்டி வந்த அன்றைக்கே போலிதான் என்று அவர் உள்ளதைச் சொன்னார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று மெம்பர் கேட்டார். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் சார் என்றார் இவர். மெம்பரின் காது சிவந்தது. செய்ததையும் செய்துவிட்டு என் மேலேயே இரக்கப்படுகிறானா என்பதுபோல அவர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி நியாயமானவர். குரலை உயர்த்தாமல், பெட்டி வந்த அன்றைக்கே அது போலி என்று உனக்குத் தெரிந்தது வேறு யாருக்காவது தெரியுமா, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார்.

என் கை மெஷின் மேல் இருந்தது. என் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். எத்தனை முறை யோசித்தாலும் அந்த நிமிஷத்தில் என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். என் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரில் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். ஹெட் பேரர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"யாருக்கும் தெரியாது சார். நான் யார்கிட்டயும் சொல்லல."

சாட்சிகள் யாரும் இல்லை என்று டைப் பண்ணினேன். என் விரல்தான் அடித்தது. தப்பு ஒன்றும் விழவில்லை, அந்தப் பேப்பரை உருவி மாற்ற வேண்டியிருக்கவில்லை. போலீஸ் வரைக்கும் போகாமல், அவராகவே ராஜினாமா செய்ததாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதையும் நான்தான் டைப் பண்ணினேன். அவர் அதில் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. என் பேனாவைத்தான் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் எனக்குக் கடிதம் வந்தது. என் கணவர் இனிப்பு வாங்கிவந்தார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை ஹெட் பேரரைப் பார்த்தேன், ஜீவனஹள்ளியில் ஒரு கல்யாணத்தில். சமையல்காரர்களோடு வந்திருந்தார். பந்தியில் என் இலைக்குச் சாம்பார் ஊற்ற வந்தவர் அவர். குனிந்தவர் என்னைக் கண்டுகொண்டதும் முகம் மலர்ந்தார்.

"பர்மனென்ட் ஆயிட்டீங்களாம்மா?"

"ஆயிட்டேன்ணா."

"ரொம்ப நல்லதும்மா" என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த கோலார் தங்கவயலுக்கே அவரும் போய்விட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். இருக்கிறாரா இல்லையா, தெரியாது. போய் விசாரித்திருக்கலாம், நாள் முழுவதும் பஸ் இருக்கிறது. விசாரிக்கவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மகன் படித்தான், அந்தச் சம்பளத்தில்தான் இந்த மேசை வாங்கினோம். இன்றும் அதே கிளப்பில்தான் இருக்கிறேன், ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அதற்கு முன்பே அந்த வேலை எனக்கு அலுத்துவிட்டது.

"இது டூப்ளிகேட்டுப்பா" என்று மகனிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை, சொல்லி ஒரு பயனும் இல்லாத இடத்தில், பன்னிரண்டு வருடம் கழித்துச் சொன்னேன். சுருட்டைப் பற்றி உனக்கு என்னம்மா தெரியும் என்று சிரித்தான். தடவிப் பார் என்று பெட்டியின் அடியைக் காட்டினேன். நிறங்களைக் காட்டினேன், ஏறி இறங்கிய வளையங்களைக் காட்டினேன், நுனியை அழுத்தித் தூளை மேசையில் உதிர்த்தேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டான். அவனுடைய அப்பாவிடம் கூடச் சொல்லாத கதையை முதல்முறையாக முழுக்கச் சொன்னேன். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அப்ப நீ எங்கம்மா இருந்த?"

"அந்த ரூம்லதான் இருந்தேன். டைப் பண்ணிட்டு இருந்தேன்."

கவிழ்ந்து கிடந்த பெட்டியை நேராகத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினேன்.