எல்லாரும் கேட்ட கம்பி

பூம்பாறைக்குக் கீழே, பூண்டு விளையும் படிவயல்கள் முடிகிற இடத்தில் வேலப்பனின் ஊர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஊர் திரும்பினார். வந்தவருக்கு ஒரே கவலை தம்பி செல்லப்பாண்டி. இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவன். அந்தக் காலோடு காவல் குடிசையில் தனியாகக் கிடந்து பூண்டுக்குக் காவல் இருந்தான். காட்டுமாடு இறங்கினால் மற்றவர்கள் ஓடித் தப்புவார்கள். அவனால் ஓட முடியாது.

வேலப்பன் டெலிபோன் கேட்டுக் கொடைக்கானலுக்கு நடையாய் நடந்தார். உங்கள் ஊருக்கு இப்போதைக்கு வராது என்றார்கள். நாமே இழுத்துக்கொள்வோம் என்று மதுரைக்குப் போனார். பட்டாளம் கழித்துக்கட்டிய, கைப்பிடியைச் சுற்றிப் பேசும் போன்களைப் பழைய சாமான் கடையில் பொறுக்கினார். சாக்கில் கட்டி, வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். மரத்துக்கு மரம் ஒற்றைக் கம்பி ஓடியது. மின்சாரம் திரும்பி வர ஈர மண்ணே போதும். எக்ஸ்சேஞ்ச் கிடையாது. ஒரு குடிசையில் பேசினால் எல்லாக் குடிசையிலும் கேட்கும். யாரைக் கூப்பிடுகிறோமோ அவருக்கென்று ஒரு மணி. நிறுத்தாமல் சுற்றினால் காட்டுமாடு. எல்லாரும் எடுக்க வேண்டும்.

காலையில் கம்பி முழுக்கப் பேச்சுத்தான்.

"ஏலே குருநாதா, உன் வீட்டுக் கொழம்பு வாடை கம்பி வழியா வருதுலே."

"அதோட நிறுத்திக்க. சட்டியில ஒண்ணும் மிச்சமில்ல."

"சோலியப் பாருங்கய்யா, பொம்பளைக பேசணும்" என்று நடுவில் ஒரு குரல் புகும்.

இணைப்புப் படத்தை வேலப்பன் டீக்கடைச் சுவரில் கரியால் வரைந்துவைத்தார். மனைவி காளியாயிக்கு அது பிடிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் காட்டிக் குடுத்துட்டா உங்களுக்கு என்ன மதிப்பு?"

"மூடி வச்சா, நான் இல்லாத அன்னைக்கு யாரு ரிப்பேர் பாக்குறது?"

பக்கத்து ஊர் அழகுமலை அந்தப் படத்தைப் பார்த்தான். போன் வாங்கினான், தன் ஊரையும் கம்பியில் சேர்த்தான். அவனைப் பார்த்து இன்னும் பலர். வேலப்பன் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் குரல் மெலிந்துகொண்டே வந்தது. எடுக்கிற ஒவ்வொரு போனும் குரலில் ஒரு பங்கைக் குடித்துவிடும். தனக்கு வராத மணிக்கு எடுக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார்.

"கேக்கத்தானண்ணே போனு" என்று சிரித்தார்கள்.

பொத்தான் வைக்க வேண்டும். அழுத்தினால்தான் கேட்கும்படி செய்ய வேண்டும்; அழுத்தாத போன் குரலைக் குடிக்காது. பூண்டு பிடுங்கி முடியட்டும் என்று இருந்தார்.

பிடுங்குவதற்கு முன்பே அந்தச் சாயங்காலம் வந்தது. மலை முழுக்க மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. வீட்டில் மணி நிற்காமல் அடித்தது. வேலப்பன் எடுத்தார். கம்பியில் இருந்த எல்லா ஊரும் எடுத்தது.

"யாருப்பா அது?"

"எந்தக் காட்டுல?"

"எங்க பக்கம் ஒண்ணையும் காணலயே."

கம்பியில் கிட்ட இருந்தவர்களின் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அடியில், எறும்பு ஊர்கிற அளவுக்கு ஒரு குரல். "அண்ணே" என்பது மட்டும் புரிந்தது. தம்பிதான்.

செல்லப்பாண்டி இரண்டு இடத்தில் காவல் இருப்பான். கீழ்க்காடு ஒரு பக்கம், ஓடைக்கரை மறுபக்கம், நடுவில் மலை. மாடு எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தக் குடிசையில் இருப்பான். இன்று எதில்?

"எல்லாரும் வைங்கய்யா. தம்பி பேசுறான். வைங்க."

அவர் குரலும் அதே கம்பியில்தான் போக வேண்டும். அதுவும் மெலிந்துதான் போனது. வைத்தவன் ஒருவனும் இல்லை. என்ன ஆனதோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக் காதில் வைத்தார்கள். எல்லாருக்கும் அவன்மேல் அக்கறை.

வேலப்பன் கீழ்க்காட்டுக்கு ஓடினார். குடிசை காலியாக இருந்தது. மலையைச் சுற்றி ஓடைக்கரைக்கு வந்தபோது படிவரப்பு மாட்டுக் குளம்பு பட்டுச் சரிந்து கிடந்தது. போன் கம்பியிலிருந்து தொங்கியது. செல்லப்பாண்டி கொஞ்ச தூரம் தவழ்ந்து போயிருந்தான். மாடு முட்டியதில் உயிர் போயிருந்தது, உடம்பில் சூடு இன்னும் போகவில்லை.

தம்பியை அடக்கம் செய்த பிறகு ஊரில் ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். "நான் எடுக்கலண்ணே." "நான் அப்பவே வச்சிட்டேன்." வேலப்பன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாதிப் பேர் வைத்திருந்தாலே ஓடைக்கரை என்ற சொல் வந்து சேர்ந்திருக்கும். அது அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் குடிசை குடிசையாக ஏறி இறங்கிப் பொத்தான் வைத்தார். யாரும் கூட வரவில்லை. "இன்னும் எதுக்குங்க இது?" என்றாள் காளியாயி. அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடித்த அன்று வீட்டிலிருந்து நிறுத்தாமல் சுற்றினார். எவரும் எடுக்கவில்லை. மறுபடி சுற்றினார். வெகு நேரம் கழித்து அழகுமலை எடுத்தான்.

"அண்ணே."

குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அவன் மூச்சுக்கூடக் கேட்டது.

"நல்லாக் கேக்குதா?" என்றார் வேலப்பன்.

"கேக்குதுண்ணே. ஆனா எங்காளுக இனி தொட மாட்டாக. அன்னைக்குக் கேட்ட அந்தச் சத்தம் காதுலயே கெடக்குங்கிறாக. நானும் கழட்டிரலாம்னு இருக்கேன்."

"கம்பி சரியாயிருச்சுப்பா."

"தெரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டு அழகுமலை வைத்துவிட்டான்.