சீல் பிரிக்காத சீர்

பழைய வீடியோ கேம் வாங்கி விற்கிறவனிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, சீல் இருக்கா என்பதுதான். ஓடுமா என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழியாத பெட்டிக்குத்தான் மவுசு. அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, விளக்குப் போட்டுப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். பொங்கலைப் பொங்கி, மூடியைத் திறக்காமல் பானையோடு ஷோகேஸில் வைக்கிற மாதிரி. எனக்கென்ன, கேட்டதைக் கொடுக்கிறேன்.

கீரமங்கலத்தில் நான் வைத்திருக்கும் செல்போன் ரிப்பேர் கடையின் பின்னறை முழுக்க இந்தச் சாமான்கள்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த பித்து. திரும்பி வந்த பிறகு, வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளாகப் பார்த்துப் பரண்களில் கிடப்பதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை போனால் கொடுக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு போனாலும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கிற நேரமாகப் பார்த்துப் போனால், இது லட்ச ரூபாய்க்குப் போகுமாமே, வீடியோவில் ஒருத்தர் சொன்னாரே என்பார்கள். பரண் ஏறி இறங்கி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். சேர்ப்பதும் அலுத்துவிட்டது, விற்பதும் அலுத்துவிட்டது. விட்டுத் தொலைக்கத்தான் முடியவில்லை.

போன மாசிக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் தங்கை மகன் கடைக்கு வந்தான். கையில் ஒரு கட்டைப்பை. குளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை அவள். அவள் வீட்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். கல்யாணம் காட்சியில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். பையன் துபாய்க்குப் போகப் போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அம்மா ஒங்ககிட்டக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க மாமா" என்று பையிலிருந்த பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தான்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிங்கப்பூர்க் கடையில் நானே வாங்கிய டிவி கேம் செட். விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிய தடம் அப்படியே இருந்தது. மூலையில் சீர்த்தட்டில் வைத்தபோது இட்ட மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. உறை ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

இவனுக்குக் காது குத்தியபோது நான் கொண்டுவந்த சீர் அது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று உடன் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். வளர்ந்து விளையாடட்டும் என்றேன். திருச்சிக்கு வர வேண்டிய விமானம் தாமதமாகிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஓடினால், பிள்ளை, தங்கை புருஷனான என் மச்சினனின் பங்காளி மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். காது குத்தி முடிந்திருந்தது. முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது என்றார் மச்சினன். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு வேறொருவர் மடியா என்று கேட்டேன். வார்த்தை தடித்தது. தட்டை வைத்துவிட்டு வந்தவன்தான், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வந்து வந்து சொன்னார்கள்: ஒன் சீர் பீரோ மேல சீல்கூடப் பிரிக்காமக் கெடக்குப்பா. கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவ்வளவு வீம்பா அவர்களுக்கு என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சீரைத் திருப்பிவிட்டால் உறவில் அப்புறம் என்ன இருக்கிறது?

பையன் போகாமல் நின்றான். பெட்டியைப் பார்ப்பதும் என் கையைப் பார்ப்பதுமாக இருந்தான். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை இருக்கிறது என்றேன். சரி மாமா என்று கிளம்பிப் போனான்.

அன்றைக்கே படம் எடுத்து விற்பனைக்குப் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒருவர் உடனே கேட்டார். மூலையில் ஏதோ சிவப்புக் கறை இருக்கிறதே, அதை மட்டும் சுத்தம் செய்துவிட முடியுமா என்றார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மஞ்சள் சுலபமாகப் போய்விட்டது, குங்குமம்தான் நேரம் எடுத்தது. நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் கூரியரில் போட்டுவிட்டேன்.

பையன் விமானம் ஏறிய பிறகு ஒருநாள், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, நான்தான்" என்றாள் தங்கை.

குரல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் அவள் குரல்தான். பையன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டேன். சேர்ந்துவிட்டான் என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "பெட்டிய ஒங் கையால பிரிச்சியாண்ணே? வெறுங்கையோட வந்தான், கேட்டா மாமாகிட்டக் குடுத்துட்டேன்னு மட்டும் சொன்னான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். துபாய் போவதற்குள் மாமா கையால் பிரித்து வாங்கிக்கொண்டு வா என்றுதான் அனுப்பினாளாம். தோளுக்கு மேல் வளர்ந்தவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்துத் தரச் சொல்லி எப்படிக் கேட்பான்? கூச்சப்பட்டு, வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சின்ன வயதில் அதற்காகத் தரையில் புரண்டு அழுவானாம். ஒருமுறை உறையைக் கிள்ளப் பார்த்ததற்கு அவனை அடித்துக்கூட இருக்கிறாள்.

"சீர்னா தாய்மாமன்தானண்ணே பிரிச்சுக் குடுக்கணும்? நீ வருவ வருவன்னுதான் ஒருத்தரையும் தொட விடல."

விற்றுவிட்டேன் என்று சொன்னேன். ஐந்து நிமிஷம் பொறு, நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், தெரிந்தே பெங்களூருக்குப் போன் போட்டேன். திருப்பிக் கொடுங்கள், கேட்டதைத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், மரியாதையாகவே மறுத்தார். நான் வருத்தப்படுகிறேன் என்று புரிந்துகொண்டு எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். கவலையே படாதீங்க சார், என் உயிர் இருக்கிற வரைக்கும் இதை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றார்.

தங்கையைத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்காது என்பதை என் மூச்சிலேயே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"அவுகளாச்சும் பிரிச்சு, பிள்ளைகளுக்குக் குடுப்பாகளாண்ணே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யைச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

"மாட்டாரு ஆத்தா" என்றேன்.